கடல் கயாக்கின் வேகம்: துடுப்பா, சுக்கானா, புதுப் படகா?

ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள கடல் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒல்லியான படகு) ஒன்று உங்களிடம் இருக்கிறது. கூட வருகிறவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள். அல்லது 30 கிலோமீட்டர் போக வேண்டிய நாளில் கடைசி ஐந்து கிலோமீட்டர் உயிரை வாங்குகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதை எதில் போடுவது? கார்பன் துடுப்பிலா, சுக்கான் பொருத்துவதிலா, இருக்கையையும் கால்மிதியையும் திருத்துவதிலா? இல்லை, இருக்கும் படகை விற்றுவிட்டு இன்னும் நீளமான, இன்னும் இலேசான படகை வாங்கிவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரும்பாலானோர் மனத்தளவில் புதுப் படகை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். என் வரிசையில் புதுப் படகு கடைசியில் வருகிறது. வேகத்தை நிர்ணயிப்பது தண்ணீரின் தடை மட்டுமே என்றால் படகுதான் முதலில் வரவேண்டும். ஆனால் உடம்பிலிருந்து புறப்படும் வலுவில் எவ்வளவு உண்மையில் முன்னோக்கிப் போகிறது, எவ்வளவு வழியில் சிந்திப் போகிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

முதலில் தண்ணீரின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓடும் படகைத் தண்ணீர் இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று உராய்வு, நனைந்திருக்கும் பரப்பு கூடினால் அதுவும் கூடும். இன்னொன்று, படகு தானே எழுப்பும் அலையால் வரும் தடை. மெதுவாகப் போகும்போது உராய்வுதான் பெரும்பங்கு. வேகம் ஒரு கட்டத்தை நெருங்கும்போது அலைத் தடை கிடுகிடுவென்று ஏறும். அந்தக் கட்டம் எது என்பதற்குப் படகு கட்டுகிறவர்களிடம் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். நீர்மட்ட நீளம் 4.3 மீட்டர் என்றால் சுமார் 9.3 கி.மீ.; 4.9 மீட்டர் என்றால் ஏறத்தாழ 10 கி.மீ.; 5.4 மீட்டர் என்றால் சுமார் 10.5 கி.மீ. இது தாண்டவே முடியாத சுவர் கிடையாது. ஒல்லியான பந்தயக் கயாக்குகள் இதைத் தாண்டி ஓடுகின்றன. ஆனால் அதற்கு உடம்பு கொடுக்கும் விலை அதிகம்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் நீளமான படகுக்கு ஆசை வருகிறது. நாள் முழுக்கத் துடுப்புப் போடும் சராசரி ஆள் போகும் வேகமோ 3 முதல் 4 நாட், அதாவது மணிக்கு 5.5 முதல் 7.4 கி.மீ. மூன்று படகுகளுக்குமே அது எல்லைக்குக் கீழே நன்றாக உள்ளடங்கிய வேகம். 4 நாட்டில் வழக்கமான கடல் கயாக் ஒன்றை இழுத்துப் போகச் சுமார் ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 5 நாட்டுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விசையை வேகத்தால் பெருக்கினால்தான் வலு வரும் என்பதால், வேகத்தைக் கால் பங்கு கூட்ட உடம்பு இரண்டரை மடங்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அலைத் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வலு ஏறத்தாழ வேகத்தின் முப்படியாகக் கூடுகிறது. ஆகவே எந்த மாற்றமாவது உங்கள் வலுவில் 10 சதவீதத்தை மீட்டுத் தந்தால் வேகம் கூடுவது 3 சதவீதம்தான். மணிக்கு 6.5 கி.மீ. போகிறவருக்கு 30 கி.மீ. பயணத்தில் சுமார் எட்டு நிமிடம் மிச்சம். எந்தப் பொருளையும் "பத்து சதவீதம் வேகம் கூட்டும்" என்று யாராவது விற்றால், அவர் உங்கள் வலுவை மூன்றில் ஒரு பங்கு கூட்டித் தருவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆனால் அந்த 10 சதவீத வலுவை வேகமாக மாற்றாமல், அதே வேகத்தில் குறைந்த களைப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். நீண்ட பயணத்தில் எனக்குப் பெரிதாகப்படுவது அதுதான். நான்காவது மணி நேரத்தில் வேகம் விழாமல் இருப்பதே நாளின் சராசரியை உயர்த்துகிறது.

காலும் இடுப்பும்

துடுப்பைக் கை இழுக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நன்றாகப் போடுகிறவரின் கை அவ்வளவாக மடங்குவதே இல்லை. வலப்பக்கம் துடுப்பு நீரில் இறங்கும்போது வலது கால் மிதியை அழுத்துகிறது, வலது இடுப்பு பின்னால் போகிறது, முதுகும் விலாவும் சேர்ந்து உடற்பகுதி திரும்புகிறது. துடுப்பு நீரில் ஊன்றி நிற்க, அந்த விசை படகுக்குப் போய்ச் சேரும் வழிகள் காலும் இருக்கையும்தான். அந்த இடம் தளர்ந்திருந்தால் மற்ற எல்லாமே தளர்ந்ததுதான்.

இங்கே தேர்வு மூன்று. பெரும்பாலான படகுகளில் இருபுறமும் தண்டவாளத்தில் நகரும் சிறு கால்மிதிகள் இருக்கும். அளவை மாற்ற எளிது; பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் படகுக்கு அதுவே சரி. ஆனால் பாதத்தின் ஒரு சிறு பகுதிதான் அதில் ஊன்றும். இரண்டாவது, காக்பிட்டுக்கு (ஆள் உட்காரும் குழிக்கு) முன்னாலிருக்கும் குறுக்குச் சுவரின் மேல், நீர் உறிஞ்சாத கெட்டி ஃபோமை அளவாக வெட்டி அடைத்து, முழுப் பாதத்தையும் அதில் ஊன்றுவது. செலவு மிகக் குறைவு. பாதத்தைக் குறுகலாகவோ அகலமாகவோ, முழங்காலை நடுவிலோ ஓரத்திலோ வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. மூன்றாவது, பந்தயப் படகுகளிலிருந்து வந்த முழு அகலக் கால்பலகை. உறுதியில் அதுதான் முதலிடம். ஆனால் எல்லாக் கடல் கயாக்கிலும் அதைப் பொருத்த இடமிருக்காது.

ஒரே ஆள் ஓட்டும் படகென்றால் ஃபோமைத்தான் சொல்வேன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா மாற்றங்களிலும் செலவழித்த ரூபாய்க்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

இருக்கையில் பார்க்க வேண்டியது முதுகுச் சாய்வு. உயரமான, மெத்தை வைத்த சாய்வு முதல் அரை மணி நேரத்துக்குச் சுகமாக இருக்கும். உடல் திரும்புவதை அதுவே தடுத்தும்விடும். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே மட்டும் தாங்கும் தாழ்ந்த பட்டை போதும். இருக்கையின் மேற்பரப்பு வழுக்கினால் நல்லது, ஏனென்றால் இடுப்பு அதன் மேல் திரும்ப வேண்டும். இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் துடுப்பு இன்னும் நேராக இறங்கும். பதிலுக்கு நிலைப்பில் கொஞ்சம் போகும். சுமை ஏற்றிய அகலமான படகில் அந்த இழப்பு தெரியாது. ஒல்லியான வெறும் படகில், பக்கவாட்டு அலையில், நன்றாகவே தெரியும். தள்ளாடுகிறவர் முழு வலுவோடு துடுப்புப் போடுவதில்லை. நிலைப்பை விற்று வாங்கும் வேகம் பல நேரம் நஷ்டக் கணக்காக முடிவது இதனால்தான்.

துடுப்பு

துடுப்பில் மூன்று குலம். எல்லோரும் முதலில் பிடிப்பது ஐரோப்பிய வகைத் தட்டைத் துடுப்பு. இரண்டாவது, கிரீன்லாந்தின் இன்யூட் மக்களுடைய ஒடுங்கிய மரத் துடுப்பு. அதன் அகலம் 8, 9 சென்டிமீட்டரைத் தாண்டாது. மூன்றாவது விங் எனப்படும் இறக்கைத் துடுப்பு. 1980-களின் நடுவில் ஸ்வீடனில் உருவாகி, சில ஆண்டுகளிலேயே ஒலிம்பிக் கயாக் பந்தயங்களை முழுவதும் பிடித்துக்கொண்டது.

தட்டைத் துடுப்பை நேராகப் பின்னே இழுக்கும்போது அது நீரில் கொஞ்சம் நழுவுகிறது. நழுவும் அளவுக்கு வலு வீண். அது சுழலாகப் போகிறது. இறக்கைத் துடுப்பின் அலகு (நீரில் இறங்கும் முனைப்பகுதி) கரண்டி போலக் குழிந்து, ஓர் ஓரம் தடித்திருக்கும். அது படகின் அருகே நீரில் இறங்கி, இழுக்க இழுக்க வெளிப்புறமாக விலகிப் போகிறது. அப்படிப் பக்கவாட்டில் வெட்டிப் போகும்போது வளைந்த முதுகின் மேல் நீர் ஓடி முன்னோக்கிய தூக்குவிசை பிறக்கிறது. நழுவல் குறைகிறது. நேராக முன்னே போவதில் இதை மிஞ்சும் துடுப்பு இல்லை. அது மட்டுமில்லாமல், உடலைத் திருப்பாமல் கையால் மட்டும் இழுத்தால் அது ஒத்துழைக்காது. தவறான பழக்கத்தைத் தானே திருத்திவிடும். விலையும் உண்டு. படகைப் பக்கவாட்டில் நகர்த்துவது, பாறைகளுக்கிடையே திருப்புவது, கவிழும் நேரத்தில் அலகை நீரின் மேல் தட்டிச் சமாளிப்பது எல்லாம் தட்டைத் துடுப்பில் இயல்பாக வரும். இறக்கைத் துடுப்பில் அவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். சுக்கான் இல்லாத படகில் இறக்கைத் துடுப்பு பாதிப் பயன்தான், ஏனென்றால் திசை திருத்தும் வேலைக்கு அது ஆகாது.

கிரீன்லாந்து துடுப்பை வேகக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை. அது தவறு. சட்டென்று வேகம் எடுக்க அது உதவாது, உண்மைதான். ஆனால் நீண்ட தூரத்தில், அதிலும் எதிர்காற்றில், அதன் ஒடுங்கிய அலகைக் காற்று பிடிப்பதில்லை. தோள் வலி உள்ளவர்கள் மணிக்கணக்காகப் போட முடிகிறது. அளவெடுக்கும் முறையும் அழகு: விரித்த இரு கைகளின் நீளத்தோடு ஒரு முழம் கூட்டினால் உங்கள் துடுப்பின் நீளம். நல்ல தச்சர் ஒருவர் இருந்தால் ஊரிலேயே செய்துகொள்ளலாம். இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தட்டைத் துடுப்பிலேயே இருக்க முடிவு செய்தால் பார்க்க வேண்டியவை நீளம், அலகின் பரப்பு, எடை. 52 முதல் 56 சென்டிமீட்டர் அகலப் படகுக்கு 205 முதல் 215 சென்டிமீட்டர் போதும். 230 சென்டிமீட்டர் துடுப்பு அகலமான உல்லாசக் கயாக்குக்கு வந்தது. ஒல்லியான படகில் அதைப் போட்டால் அலகு படகிலிருந்து தள்ளி இறங்கி, ஒவ்வொரு வீச்சிலும் அணியத்தை (முன்முனையை) எதிர்ப்பக்கம் திருப்பும். படகு பாம்பு போல நெளிந்து போகும்.

அலகின் பரப்பு சைக்கிள் கியர் மாதிரி. 700 சதுர சென்டிமீட்டருக்கு மேலான அலகு கனமான கியர். வலுவான தோளுக்கும் குறுகிய தூரத்துக்கும் ஏற்றது. 600 சதுர சென்டிமீட்டரை ஒட்டிய நடுத்தர அலகில் வீச்சு வேகமாகப் போகும், மூட்டு பிழைக்கும். பெரிய அலகு வேகம் தரும் என்று நம்பி வாங்குகிறவர்களின் வேகம் மூன்றாவது மணி நேரத்தில் தரையிறங்குவதைத்தான் நான் பார்க்கிறேன். நடுத்தரமே நல்லது.

எடையில் அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் அலகும் கொண்ட துடுப்பு ஒரு கிலோவைத் தாண்டும். நல்ல கார்பன் துடுப்பு 650 முதல் 700 கிராம். நிமிடத்துக்கு 65 வீச்சு என்றால் மணிக்கு 3,900; ஒவ்வொன்றிலும் 350 கிராம் மிச்சம் என்று பெருக்கி, ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் தூக்குவது மிச்சம் என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்குகிறது. உண்மையில் கை உணர்வது முனைகளின் எடையை. ஒவ்வொரு வீச்சிலும் அதைத்தான் ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டுகிறோம். ஆகவே மொத்த எடையைவிட அலகு இலேசாக இருப்பது முக்கியம். பணம் குறைவாக இருந்தால் ஃபைபர் கிளாஸ் தண்டோடு கார்பன் அலகு வருகிற துடுப்பு நல்ல சமரசம்.

ஸ்கெக்கா, சுக்கானா

கடல் கயாக்காரர்களிடையே முடிவில்லாமல் ஓடும் வழக்கு இது. ஸ்கெக் என்பது படகின் அடியிலிருந்து இறங்கும், திரும்பாத தகடு; சுக்கான் திரும்பும். பிரிட்டனில் ஸ்கெக் கட்சி பலமானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் சுக்கானுக்கு ஆதரவு அதிகம். இரு தரப்புக்கும் தங்கள் கடல்தான் காரணம்.

காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, ஓடுகிற கயாக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அணியம் கலங்காத நீரை அழுத்திக்கொண்டு போவதால் அங்கே பிடிமானம் அதிகம். அமரம் (பின்முனை) படகே கலக்கிவிட்ட நீரில் இளகி நிற்கிறது. காற்று அமரத்தைத் தள்ளிவிட, அணியம் காற்றின் பக்கம் போய்விடுகிறது. இதைத் திருத்தாமல் நேராகப் போக முடியாது. எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் வேகம் இருக்கிறது. ஒரே பக்கம் அகல வீச்சு போட்டுத் திருத்தினால் மறு கை ஏறக்குறைய சும்மா இருக்கிறது. படகைச் சாய்த்துப் பிடித்துத் திருத்தினால் இடுப்பு இறுகி உடல் திரும்புவது குறைகிறது. இரண்டும் பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஆகாது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா ஓரமாக வடகிழக்கே போகிறவருக்கு, காற்றும் அலையும் பின்பக்கவாட்டிலிருந்தே வந்துகொண்டிருக்கும். தனுஷ்கோடிக்காரர்கள் அந்தக் கடலை ஆண் கடல் என்றும், அப்புறமுள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வது இந்தக் கொந்தளிப்பை வைத்துத்தான்.

ஸ்கெக் தகடு அமரத்துக்குச் சற்று முன்னால், அடியில் உள்ள பெட்டியிலிருந்து இறங்கும். எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கு அமரத்துக்குப் பிடிமானம் தரும். கால் பங்கு, அரைப் பங்கு என்று இறக்கி, படகு தானாக நேரே போகும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். முழுக்க இறக்கினால் அணியம் காற்றுக்கு மறுபக்கம் விலகும்; காற்றோடு ஓடும்போது அதுவே தேவை. தகடு நீரில் இழுக்கும் தடை, அது மிச்சப்படுத்தும் திருத்த வீச்சுகளோடு பார்த்தால் அற்பம். "நல்ல ஓட்டிக்கு ஸ்கெக் தேவையில்லை" என்கிற வீம்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. கால்மிதி உறுதியாக நிற்கிறது என்பது ஸ்கெக்கின் பெரிய பலம். அதன் தொல்லை கூழாங்கல் கடற்கரையில் தெரியும்: பெட்டிக்குள் கல் சிக்கி இறங்காமல் போகும், கம்பி மடங்கிவிடும். தகட்டின் முனையில் சிறு துளையிட்டு ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிவைத்தால் பக்கத்தில் வருகிறவர் இழுத்து விடுவிக்கலாம்.

சுக்கான் வேறு ஒன்றைத் தருகிறது. திசையைக் கால் பார்த்துக்கொள்ள, இரு கைகளும் ஒவ்வொரு வீச்சிலும் முழு வலுவையும் முன்னோக்கிப் போடலாம். பின்பக்கவாட்டு அலையில், அலை தூக்கிவிடும்போது அமரம் சுழன்று படகு குறுக்கே விழப் பார்க்கும். அங்கே ஸ்கெக் வைத்திருப்பவர் துடுப்பைப் பின்னே ஊன்றித் திருத்துகிறார். அந்த நேரத்தில் அலை போய்விடுகிறது. சுக்கான் வைத்திருப்பவர் காலால் ஒரு சிறு திருத்தம் செய்துவிட்டு அலையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறார். பின்காற்றில் இருவருக்கும் இடைவெளி விரிவது கண்ணுக்கே தெரியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லா வேறுபாடுகளிலும் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மூன்று நிபந்தனைகள். முதலாவது கால்மிதி. பழைய வகைச் சுக்கானில் கால்மிதி முழுவதும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். அழுத்தினால் சுக்கான் திரும்பிவிடும் என்று ஓட்டுகிறவர் அழுத்தவே மாட்டார். முந்தைய பகுதியில் சொன்ன கால் வலு முழுதும் போச்சு. மிதி அசையாமல் நின்று, அதன் மேல்முனையில் மட்டும் பெருவிரலால் தட்டித் திருப்பும் வகைதான் வேண்டும். பழைய மிதியோடு சுக்கான் இருக்கும் படகு உங்களிடம் இருந்தால், புதுப் படகு பற்றி யோசிக்கும் முன் அந்த மிதியை மாற்றுங்கள். இரண்டாவது தகட்டின் வடிவம். வெறும் தட்டை உலோகத் தகட்டைவிட, இறக்கை போன்ற குறுக்குவெட்டுள்ள ஒடுங்கிய ஆழமான தகடு குறைந்த தடையோடு அதிகம் திருப்பும். மூன்றாவது பழக்கம். அமைதியான நீரில் சுக்கானை இறக்கி வைத்து, இடமும் வலமும் ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பவர் அதைப் பிரேக்காகத்தான் பயன்படுத்துகிறார். தேவையில்லாதபோது தூக்கிவிட வேண்டும். அப்படித் தூக்கி மேல்தளத்தில் வைத்த சுக்கானைக் காற்று பிடிக்கும். அதுவும் அமரத்தில், எங்கே பிடிக்கக் கூடாதோ அங்கே.

ஆகவே பாறை ஓரம், குகை, ஓடும் நீரில் விளையாட்டு என்றால் ஸ்கெக். திறந்த கடலில் நாள் முழுக்க ஒரு திசையில் போவது என்றால் சுக்கான். மாற்றிப் பொருத்துவது சாத்தியம், ஆனால் ஸ்கெக் பெட்டியைப் பின்னால் வெட்டி வைப்பது கைத்தேர்ச்சி கேட்கும் வேலை. சுக்கான் பொருத்த அமரத்தின் முனை அதற்கு ஏற்ற வடிவில் இருக்க வேண்டும்.

சுமை எங்கே

காசு செலவில்லாத திருத்தம் இது. அணியம் கனத்தால் படகு காற்றை நோக்கி இன்னும் பிடிவாதமாகத் திரும்பும். அமரம் கனத்தால் காற்றுக்கு மறுபக்கம் விலகும். இரண்டிலும் திருத்த வீச்சு, இரண்டிலும் இழப்பு. பத்து லிட்டர் தண்ணீர்ப் பையை முன் ஹேட்சிலிருந்து (மூடியுள்ள சாமான் அறையிலிருந்து) பின் ஹேட்சுக்கு மாற்றுவது, அரை ஸ்கெக் இறக்குவதற்குச் சமமான வேலையைச் செய்துவிடும். அமைதியான நீரில் ஏற்றி முடித்ததும் ஒருவரைக் கரையில் நிற்கவைத்து நீர்மட்டக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சமமாகவோ, அமரம் ஒரு விரல் தாழ்ந்தோ இருந்தால் நல்லது. பின்காற்று நாளில் அமரத்துக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்.

கனமான பொருள்கள் காக்பிட்டை ஒட்டி, அடியில் இருக்கட்டும். முனைகளில் கனம் வைத்தால் எதிரலையில் படகு தலையாட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஆட்டமும் வேகத்தை விழுங்கும். மேல்தளத்தில் எதையும் குவிக்காதீர்கள். எதிர்காற்றில் ஒவ்வொரு பையும் ஒரு சிறு பாய்தான், தலைகீழாகப் பிடித்த பாய். கரையில் இழுக்கும் சக்கர வண்டியைக் கழற்றி ஹேட்சுக்குள் போடுங்கள். காக்பிட்டில் தேங்கும் ஐந்து லிட்டர் நீரும் ஐந்து கிலோ சுமைதான். ஒழுகும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றிக் காக்பிட்டை மூடும் துணியை) மாற்றுவதை யாரும் வேகத்துக்கான செலவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியில் படகு

நியூசிலாந்தின் பால் காஃபின் 1982-இல் ஆஸ்திரேலியாவைக் கயாக்கில் முதன்முதலாகச் சுற்றி முடித்தார், 360 நாள். அவருடைய படகு நார்ட்காப், 1970-களின் நடுவில் பிரிட்டனில் பிறந்த வடிவமைப்பு. ஜெர்மனியின் ஃப்ரெயா ஹோஃப்மைஸ்டர் 2009-இல் அதே சுற்றை 332 நாளில் முடித்தார். அவருடையது எபிக் 18எக்ஸ். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரட்டைத் தங்கம் வென்ற கிரெக் பார்ட்டன், கடல் பந்தய வீரர் ஆஸ்கர் சலுப்ஸ்கியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் படகு. பழைய பிரிட்டிஷ் வடிவத்தில் இரு முனைகளும் மேலே வளைந்து எழும். மொத்த நீளம் 5.4 மீட்டர் இருந்தாலும் நீர்மட்டத்தில் அரை மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். எபிக்கின் அணியம் செங்குத்தாக நீரில் இறங்குவதால் முழு நீளமும் ஏறக்குறைய வேலை செய்கிறது.

28 நாள் குறைந்தது படகால் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் காஃபின் வட ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டாரியா வளைகுடாவின் கரையை ஒட்டியே சுற்றிப் போனார். ஹோஃப்மைஸ்டர் அதன் குறுக்கே, படகிலேயே தூங்கி, சுமார் 575 கிலோமீட்டரை எட்டு நாளில் நேராகக் கடந்தார். அந்த ஒரே முடிவு எத்தனை வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீளமான படகு உங்களுக்குப் பயன்படுமா என்பதற்கு ஒரு கேள்வி போதும்: ஒரு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் உங்களால் இப்போதைய படகை ஓட்ட முடிகிறதா? முடிந்தால், அலைத் தடை உங்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது; நீண்ட நீர்மட்டம் உதவும். முடியாவிட்டால், நீளத்தோடு கூடி வரும் நனைந்த பரப்பை இழுத்துக்கொண்டு, அதே வேகத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் களைத்துப் போவீர்கள். சிறிய உடம்புக்காரர் பெரிய படகில் உட்காரும்போது இது இரட்டிப்பாகும். படகு சரியாக அமிழாமல் காற்றுக்கு அதிக உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எடை பற்றிய ஆசையும் அப்படித்தான். பாலிஎதிலீன் (பிளாஸ்டிக்) படகு 25 முதல் 30 கிலோ, கார்பன்–கெவ்லார் 20 கிலோவை ஒட்டி. ஆள், படகு, சாமான் எல்லாம் சேர்ந்து 110 கிலோவில் ஐந்து கிலோ குறைந்தால், ஓடும் வேகத்தில் கிடைப்பது சுமார் ஒரு சதவீதம். ஒவ்வொரு அலையின் மேலும் மறுபடி வேகமெடுக்க வேண்டிய பின்காற்றில் கூடுதலாக உதவும். மணலில் தூக்கிப் போகும்போதும், கார் கூரையில் ஏற்றும்போதும் உண்மையான நிம்மதி தெரியும். அதற்காகவே வாங்கலாம், தவறில்லை. பிளாஸ்டிக் படகைச் சித்திரை வெயிலில் இறுகக் கட்டி வைத்தால் அடிப்பகுதி குழியும். குழிந்த அடி வேகத்தைத் தின்னும். ஆகவே ஓரத்தில் சாய்த்து, நிழலில், பட்டையைத் தளர்த்தி வையுங்கள். மெழுகு பூசுவதால் ஒன்றும் ஆகாது.

பாய் ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான சிறு பாய், பின்காற்றில் மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்து மிஞ்சிவிடும். அது தனிக் கலை. கவிழ்ந்த படகில் அந்தப் பாயோடு மீளத் தெரிந்த பிறகு பார்க்கலாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே நாளில், போகவும் வரவும், பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் மாறி மாறி ஓட்டுங்கள். ஜிபிஎஸ் மட்டும் போதாது, நெஞ்சுப் பட்டையில் இதயத் துடிப்பையும் பாருங்கள். புதுத் துடுப்பு கையில் இருக்கும் நாளில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாக இழுக்கிறோம். ஒரே துடிப்பில் வேகம் கூடியிருந்தால்தான் அது பொருளின் வேலை. ஒரு நாட் நீரோட்டம் உங்கள் வேகத்தில் கால் பங்குக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ செய்யும்; இரு திசையிலும் ஓட்டாத சோதனையில் நீரோட்டத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஆகவே சிறிய பணம் உள்ளவருக்கு: ஃபோம் கால்மிதி, தாழ்ந்த முதுகுப் பட்டை, சுமையைச் சரியாக வைப்பது. நடுத்தரப் பணம் உள்ளவருக்கு: அதோடு இலேசான, நடுத்தர அலகுள்ள 210 சென்டிமீட்டர் துடுப்பு. சுக்கானுள்ள படகு என்றால், அசையாத மிதியும் இறக்கைத் துடுப்பும் சேர்ந்து, தனித்தனியாக வேண்டாம். பெரிய பணம் உள்ளவர், மேலே சொன்ன ஒரு மணி நேரச் சோதனையில் தேறியிருந்தால், நீண்ட நீர்மட்டமும் சுக்கானும் உள்ள படகுக்குப் போகலாம். வாங்கும் முன், ஒரு பயணத்துக்கு ஏற்றும் முழுச் சுமையோடு, பக்கக் காற்று அடிக்கும் நாளில் அதை அரை நாள் இரவல் கேளுங்கள். அமைதியான காலை நீரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து எந்தக் கயாக்கையும் வாங்காதீர்கள்.